கேசிங்கும் போர்டும் பொருந்துமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய கணினியை அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள் என்று போன இதழில் ஒரு வரி எழுதினாலும் எழுதினேன், அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ரேமிலோ ஹார்ட் டிஸ்கிலோ யாருக்கும் பெரிய குழப்பம் இல்லை. எந்த மதர்போர்டு (எல்லாப் பாகமும் மாட்டும் பலகை, சுருக்கமாக போர்டு) எந்தக் கேசிங்கில் (வெளிப்பெட்டியில்) உட்காரும், எந்த பவர் சப்ளை (மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) எதற்குப் பொருந்தும் என்பதில்தான் எல்லோரும் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதனால் இந்த முறை வேறு எந்தக் கேள்வியையும் எடுக்கவில்லை.

அண்ணே, மகள் படிவம் 4 படிக்கிறாள். ஆபீஸ்களில் கழித்த பழைய பிராண்ட் கணினி ஒன்றை ஈப்போவில் 380 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிக் கொடுத்தேன். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது, இப்போது பட்டனை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை. பவர் சப்ளை போய்விட்டது என்றார்கள். இங்கே டவுனில் புதிது வாங்கி வந்தால் பெட்டிக்குள் நுழையவே மாட்டேன் என்கிறது, வயர் முனையும் வேறு மாதிரி இருக்கிறது. கடைக்காரரோ "இது ஸ்டாண்டர்ட் ஏடிஎக்ஸ், எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்கிறார். யார் மீது தப்பு?
(சுங்கை சிப்புட் வாசகர்)

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. அவர் கொடுத்தது ஸ்டாண்டர்ட்தான், உங்கள் மகளின் கணினிதான் ஸ்டாண்டர்ட் இல்லை.

கதை இதுதான். 1995ல் இன்டெல் கம்பெனி ஏடிஎக்ஸ் என்று ஓர் அளவு வகுத்தது. போர்டின் நீள அகலம் என்ன, திருகாணித் துளைகள் எங்கெங்கே வரவேண்டும், பின்பக்கத்து ஓட்டை எவ்வளவு பெரிது, பவர் சப்ளைப் பெட்டி எந்த அளவு, அதன் வயர் முனையில் எந்த ஊசியில் எத்தனை வோல்ட் எல்லாம் அதில் வந்துவிடும். லயத்து வீட்டில் ஒரு வீட்டுக் கதவைக் கழற்றி அடுத்த வீட்டில் மாட்டினால் உட்காருமே, அந்த மாதிரி ஒரு ஏற்பாடு. ஒரு கம்பெனி போர்டு, இன்னொரு கம்பெனி கேசிங், மூன்றாவது கம்பெனி பவர் சப்ளை என்று நாம் வாங்கிச் சேர்க்க முடிவது இதனால்தான். நம் டவுன் மாதிரி ஊரில் நாலு பொருள் மட்டும் வைத்திருக்கும் கடைக்காரர் பிழைப்பதும் இதனால்தான்.

ஆனால் பெரிய பிராண்ட் கம்பெனிகளுக்கு இதைப் பின்பற்றியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. அவர்கள் கணினியை முழுசாக விற்கிறார்கள், கேசிங்கை ஒல்லியாக்க வேண்டும், உள்ளே வயரைக் குறைக்க வேண்டும், அதனால் போர்டு, பவர் சப்ளை, கேசிங் மூன்றையும் தங்களுக்கு ஏற்ற மாதிரி செய்துகொள்கிறார்கள். இது புதுப் பழக்கமும் இல்லை. 1990களின் கடைசியில் டெல் கம்பெனி ஏடிஎக்ஸ் மாதிரியே தெரியும் பவர் முனையை வைத்து உள்ளே கம்பி வரிசையை மட்டும் மாற்றிப் போட்டிருந்தது. வடிவம் ஒன்றுதான் என்பதால் சாதாரண பவர் சப்ளை அழகாக உள்ளே போய் உட்காரும், சுவிட்ச் போட்டதும் போர்டோ பவர் சப்ளையோ காலி. உங்களுடையதில் முனையே வேறாக இருந்தது நல்லதாகப் போயிற்று. பொருந்தவில்லை என்ற எரிச்சலோடு முடிந்தது.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் பழையது உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பட்டன் வயர் கழன்றிருந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். 24 ஊசி வைத்த சாதாரண பவர் சப்ளை என்றால், போர்டிலிருந்து எல்லா முனையையும் கழற்றிவிட்டு, பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் ஒரு கிளிப்பால் இணைத்துவிட்டு மின்சாரம் கொடுத்தால் காற்றாடி சுற்றும். சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் போய்விட்டது என்று அர்த்தம், சுற்றினால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, வோல்ட் மீட்டர் வைத்து அளந்தால்தான் தெரியும். உங்களுடைய மாதிரி 6 ஊசி, 8 ஊசி முனை வைத்த பிராண்ட் பவர் சப்ளையில் நிறத்தை நம்பி இதைச் செய்யாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அடுத்து டேப் எடுத்துப் பழைய பவர் சப்ளைப் பெட்டியை அளவெடுங்கள். சாதாரண ஏடிஎக்ஸ் பவர் சப்ளை 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம், ஆழம் 140 மி.மீ. (பெரிய வாட்டுக்கு 160, 180 என்று நீளும், அகலமும் உயரமும் மாறாது). ஒல்லியான மேசைக் கணினிகளில் நீட்டுக் கட்டையாக 85 அகலம், 65 உயரம், 175 நீளம் என்று வந்தால் அது டிஎஃப்எக்ஸ். இன்னும் சின்னதாக 81.5, 40.5, 150 என்றால் ஃப்ளெக்ஸ் ஏடிஎக்ஸ். இந்த இரண்டும் இணையக் கடைகளில் கிடைக்கும். எதிலும் சேராத அளவு என்றால் கம்பெனிப் பொருள்தான், பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள பார்ட் நம்பரை அப்படியே ஷாப்பி இணையக் கடையில் அடித்துத் தேடுங்கள். கழித்த கணினிகளிலிருந்து கழற்றியது கிடைக்கும், பெரும்பாலும் புதிதை விட மலிவாகவும் இருக்கும்.

24 ஊசி முனையை 6 அல்லது 8 ஊசியாக மாற்றும் அடாப்டர் வயரும் விற்கிறார்கள். வாங்கலாம், ஆனால் உங்கள் மாடல் நம்பரைப் போட்டு விற்பதை மட்டும் வாங்குங்கள். இந்த மாதிரி போர்டுகள் சிலவற்றுக்குக் கணினி அணைந்திருக்கும்போதும் 12 வோல்ட் வேண்டும், சாதாரண ஏடிஎக்ஸ் அந்த நேரத்தில் 5 வோல்ட்தான் தரும். அதனால் நல்ல அடாப்டரில் வயருக்கு நடுவே ஒரு குட்டி சர்க்யூட் இருக்கும். வெறும் வயரை மட்டும் திருப்பிக் கட்டியதை நம்ப வேண்டாம். அடாப்டர் வயர் சரியாக வந்தாலும் பவர் சப்ளை கேசிங்குக்கு வெளியேதான் உட்காரும், அது வேறு விஷயம். கோழிக்குஞ்சோ குழந்தையோ திரியும் வீட்டில் அதை நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்று, 2020 வாக்கில் இன்டெல்லே 12 வோல்ட் மட்டும் தரும், 10 ஊசி முனை வைத்த ஏடிஎக்ஸ்12விஓ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 3.3 வோல்ட்டும் 5 வோல்ட்டும் வேண்டுமென்றால் போர்டே தயாரித்துக்கொள்ளும். பிராண்ட் கம்பெனிகள் பல வருஷமாகத் தங்கள் பாணியில் செய்துவந்ததைத்தான் அது முறைப்படுத்தியது. ஆனால் தனியாக விற்கும் போர்டுகளில் அது பரவவே இல்லை, டவுன் கடையில் கேட்டால் முழிப்பார்கள்.

பவர் சப்ளை பின்னால் சின்னச் சிவப்பு சுவிட்ச், 115 என்றும் 230 என்றும் போட்டிருக்கிறது. மகன் விளையாட்டாகத் தள்ளிவிட்டான். எதில் இருக்கவேண்டும்?
(சாலாக் வாசகி)

230. நம் மலேசியாவில் வீட்டு மின்சாரம் முன்பு 240 என்று சொல்லப்பட்டது, இப்போது கணக்கு 230. 115ல் வைத்து சுவிட்ச் போட்டால் உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் வெடிக்கும், பட்டாசு மாதிரிதான் சத்தம் வரும். இப்போது வரும் நல்ல பவர் சப்ளைகள் தானாகப் புரிந்துகொள்ளும், அதில் அந்தச் சுவிட்சே இருக்காது. உங்களுடையதில் இருக்கிறது என்றால் 230ல் தள்ளிவிட்டு மேலே டேப் ஒட்டிவிடுங்கள் அக்கா.

எங்கள் தமிழ்ப்பள்ளிக் கணினி அறையில் பழைய கேசிங்குகள் நிறைய கிடக்கின்றன, படம் இணைத்திருக்கிறேன். முன்னாள் மாணவர் ஒருவர் புது போர்டும் சிபியூவும் (செயலிச் சில்லு) ரேமும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார், மாணவர்களை வைத்தே மாட்டப்போகிறோம். பழைய கேசிங்கையும் அதிலிருக்கும் பவர் சப்ளையையும் வைத்துக்கொண்டு செலவைக் குறைக்கலாமா?
(லிந்தாங் சாலைப் பக்கத்து ஆசிரியை)

கேசிங்கை வைத்துக்கொள்ளுங்கள் டீச்சர், பவர் சப்ளையை வேண்டாம். ஒரே வரியில் பதில் அதுதான், ஆனால் பள்ளிப் பணம் என்பதால் விளக்கிச் சொல்கிறேன்.

கேசிங்கின் பின்பக்கம் பாருங்கள். விசைப்பலகை, யுஎஸ்பி, ஆடியோ எல்லாம் வெளியே வரும் செவ்வக ஓட்டை ஒன்று இருக்கிறதா? ஏறக்குறைய 159க்கு 44 மி.மீ. இருந்தால் அது ஏடிஎக்ஸ் வகை. அந்த ஓட்டையை மூடும் தகடு புது போர்டோடு வரும், பழைய தகட்டைத் தட்டிக் கழற்றிவிட்டுப் புதிதைப் பொருத்தினால் சரி. அந்த ஓட்டை இல்லாமல் விசைப்பலகைக்கு மட்டும் ஒரு வட்ட ஓட்டை இருந்தால் அது 1984ல் ஐபிஎம் கொண்டுவந்த ஏடி என்ற பழைய அளவின் வழியில் வந்தது, அதை அருங்காட்சியகத்துக்குத்தான் கொடுக்க வேண்டும்.

முழு ஏடிஎக்ஸ் போர்டு 305க்கு 244 மி.மீ. அதன் தம்பி மைக்ரோ ஏடிஎக்ஸ், 1997ல் வந்தது, 244க்கு 244. 2001ல் தைவானின் வியா கம்பெனி கொண்டுவந்த மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. இதில் அழகு என்னவென்றால் சின்ன போர்டுகளின் துளைகள் பெரிய போர்டின் துளைகளில் சிலவற்றோடு அப்படியே ஒத்துப்போகும், மினி ஐடிஎக்ஸின் 4 துளைகளும் ஏடிஎக்ஸ் கேசிங்கிலேயே இருக்கும். ஆகப் பெரிய கேசிங்கில் சின்ன போர்டு உட்காரும், சின்ன கேசிங்கில் பெரிய போர்டு உட்காராது. இருபது வருஷக் கேசிங்கில் இன்றைக்கு வாங்கிய போர்டு உட்காருவது இதனால்தான். கணினி உலகத்தில் இவ்வளவு காலம் மாறாமல் இருக்கும் விஷயம் வேறு எதுவும் இருக்கிறதா என்று எனக்கு சந்தேகம்.

பள்ளிக்கு மைக்ரோ ஏடிஎக்ஸ் போதும். முழு ஏடிஎக்ஸில் கிராபிக்ஸ் கார்டு மாதிரிக் கூடுதல் கார்டுகள் 7 வரை மாட்டலாம், மைக்ரோவில் 4, பிள்ளைகளுக்கு ஒன்று கூடத் தேவைப்படாது. விலையும் குறைவு. மினி ஐடிஎக்ஸ் சின்னது என்பதால் மலிவு என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் மைக்ரோவை விட விலை அதிகம்.

மாட்டும்போது ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும், மாணவர்களை வைத்து மாட்டப்போகிறீர்கள் என்று எழுதியிருப்பதால் இதைப் பெரிதாகவே சொல்கிறேன். போர்டு நேராகத் தகட்டில் உட்காராது, நடுவில் பித்தளை முளைகள் இருக்கும், போர்டை அவைதான் தூக்கிப் பிடிக்கும். பழைய போர்டு முழு ஏடிஎக்ஸாக இருந்து புதியது மைக்ரோ என்றால் பழைய முளைகளில் சில இப்போது தேவையில்லாத இடத்தில் நிற்கும். அவற்றைக் கழற்றாமல் மேலே போர்டை வைத்தால் முளையின் தலை போர்டின் பின்பக்கத்து ஈயப் புள்ளிகளில் இடித்து ஷார்ட் ஆகும். புது போர்டு முதல் நாளே ஓடாமல் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். போர்டைக் கேசிங்கின் மேல் பிடித்து, எந்தெந்தத் துளைக்கு நேராக முளை வேண்டும் என்று பார்த்து, அங்கே மட்டும் வையுங்கள், மற்றதை எல்லாம் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள்.

முன்பக்கத்து பவர் பட்டன், சின்ன விளக்குகள் எல்லாம் இரண்டு இரண்டு ஊசியாகத்தான் வரும், போர்டுக் கையேட்டைப் பார்த்து மாட்டலாம். பட்டனுக்கு எந்தப் பக்கம் என்றாலும் சரி, விளக்குக்கு மட்டும் பிளஸ் மைனஸ் பார்க்க வேண்டும், தப்பாக மாட்டினால் எரியாது, அவ்வளவுதான்.

இப்போது பவர் சப்ளை. உங்கள் கேசிங்குகளில் இருப்பது 20 ஊசி முனை என்று படத்தில் தெரிகிறது. பென்டியம் 4 வந்தபோது, 2000ல், சிபியூவுக்கென்று தனியாக 4 ஊசி 12 வோல்ட் முனை சேர்ந்தது. 2003ல் முதன்மை முனை 20லிருந்து 24 ஊசியாக மாறியது. பழைய பவர் சப்ளைகள் பெரும்பாலான சக்தியை 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கொடுப்பதற்காகச் செய்தவை, இன்றைய போர்டு கேட்பதோ கிட்டத்தட்ட எல்லாம் 12 வோல்ட். 20 ஊசியை 24 ஊசிச் செருகில் மாட்டினால் சில சமயம் ஓடும், அது வாதமில்லை. உள்ளே கெப்பாசிட்டர்கள் தலை உப்பிக் கிடக்கும் வயதில் இருக்கின்றன, இன்றைய டிஸ்குகளுக்கு வேண்டிய சாட்டா முனை கிடையாது. அதற்கென்று பழைய 4 ஊசி மோலெக்ஸ் முனையை சாட்டாவாக மாற்றும் அடாப்டர் வாங்குவார்கள், அதில் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவு வகை தீப்பிடிப்பதில் பெயர் பெற்றது. பிள்ளைகள் இருக்கும் அறை டீச்சர். போர்டு வாங்கித் தருபவரிடம் பவர் சப்ளையையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள், 450 வாட் கூட வேண்டாம், நல்ல கம்பெனியின் 300 வாட் போதும்.

650 வாட் என்று பெட்டியில் போட்டது 65 வெள்ளிக்குக் கிடைக்கிறது. இன்னொரு கம்பெனியின் 450 வாட் 190 வெள்ளி. அளவு இரண்டும் ஒன்றே. எதற்கு இந்த வித்தியாசம்?
(கோலகங்சார் வாசகர்)

அளவு ஒன்று என்பது அது கேசிங்கில் நுழையும் என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம் தம்பி. பெட்டியில் போட்ட எண்ணை விடுங்கள், பக்கத்துத் தாளில் 12வி என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால் 12ஆல் பெருக்கினால் 216 வாட், பெட்டியில் 650 என்றிருந்தாலும் சிபியூவுக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் கிடைப்பது அந்த 216தான். நல்லவற்றில் மொத்த வாட்டில் ஏறக்குறைய முழுதும் 12 வோல்ட்டிலேயே வரும். கையில் தூக்கிப் பார்த்தால் பஞ்சு மாதிரி இருப்பதையும் நான் வாங்கமாட்டேன்.

கணினிக் கேசிங்கை வெறுங்காலோடு தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது. பவர் சப்ளை லீக் ஆகிறதா? புதிது மாற்றியும் அதே கதை. வீடு பழைய தோட்டத்து வீடு.
(பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பவர் சப்ளை மேல் பழி போடாதீர்கள், வீட்டு எர்த்தைப் பாருங்கள்.

ஒவ்வொரு பவர் சப்ளையின் வாயிலிலும் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும், ஒன்று லைவ் கம்பியிலிருந்து கேசிங் தகட்டுக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து தகட்டுக்கு. எர்த் இருந்தால் அதில் கசியும் கொஞ்சம் மின்சாரம் தரைக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் தகடு இரண்டுக்கும் நடுவில் தொங்கும், அதாவது 230ல் பாதி. மின்சாரம் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்று மட்டும் இருக்கும், ஈரத் தரையில் நின்றால் இன்னும் நன்றாகத் தெரியும். புதிது மாற்றினாலும் அதே கதைதான், ஏனென்றால் எல்லாவற்றிலும் அந்தக் கெப்பாசிட்டர் உண்டு.

மூன்று ஊசி பிளக்கின் மேல் ஊசி சும்மா வைத்தது இல்லை. நம் பக்கம் இரண்டு ஊசி பிளக்கைச் சொருக எர்த் ஓட்டையில் பேனா மூடியைக் குத்தித் திறக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது, அதை விடுங்கள். கணினிக்கு இரண்டு ஊசி நீட்டிப்பு வயரும் கூடாது. சுவரில் எர்த் வருகிறதா என்று சுருஹான்ஜெயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையத்தில்) பதிவு பெற்ற வயர்மேனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்று சுர்ரென்பது சின்ன விஷயம். நாளைக்கு உள்ளே உண்மையிலேயே லைவ் கம்பி தகட்டில் பட்டால், உங்களுக்குப் பதிலாக ஃபியூசும் இஎல்சிபியும் (மின்கசிவு வந்தால் தானாக அணைக்கும் சுவிட்ச்) வேலை செய்ய அந்த எர்த் வேண்டும்.

சின்னதாக, பையில் போட்டு எடுத்துப் போகிற மாதிரி ஒரு கேமிங் கணினி கட்ட ஆசை. வார நாளில் ஈப்போவில் வாடகை அறை, வார இறுதியில் தோட்டத்தில் வீடு. மினி ஐடிஎக்ஸ் போர்டும் பெரிய கிராபிக்ஸ் கார்டும் போடலாமா? பவர் சப்ளை எது?
(போலிடெக்னிக் மாணவர்)

போடலாம், பணமும் பொறுமையும் இருந்தால். நானாக இருந்தால் மைக்ரோ ஏடிஎக்ஸில் கட்டிவிட்டு மிச்சக் காசுக்கு நல்ல திரை வாங்குவேன், ஆனால் ஆசை என்று சொன்னபின் வாதாட முடியாது.

மினி ஐடிஎக்ஸில் கார்டு செருகு ஒன்றே ஒன்று, ரேம் செருகு பெரும்பாலும் இரண்டு. அதை முதலிலேயே யோசித்து ரேமை வாங்கிவிடுங்கள், பிறகு கூட்டுவது என்றால் இருப்பதைக் கழற்றி விற்கத்தான் வேண்டும். பவர் சப்ளைக்கு எஸ்எஃப்எக்ஸ் பாருங்கள், 125 அகலம், 63.5 உயரம், 100 ஆழம். 130 ஆழத்தில் எஸ்எஃப்எக்ஸ்-எல் என்று ஒரு வகையும் உண்டு, காற்றாடி பெரியது, சத்தம் குறைவு, ஆனால் உங்கள் கேசிங் அதற்கு இடம் தருகிறதா என்று கேசிங் தாளில் பார்த்தபின் வாங்குங்கள். அந்த 30 மி.மீ.யில்தான் வயர்கள் மடங்க வேண்டியிருக்கும். எஸ்எஃப்எக்ஸின் வயர்கள் குட்டையாக வரும், பின்னால் பெரிய கேசிங்குக்கு மாற்றினால் எட்டாது. பெட்டியைப் பெரிய கேசிங்கில் பொருத்தத் தகடு கிடைக்கும், வயருக்கு அப்படி ஒரு வழி சுலபமில்லை.

கிராபிக்ஸ் கார்டின் கணக்கு இப்படி. போர்டுச் செருகிலிருந்து 75 வாட் வரை, 6 ஊசி முனையிலிருந்து 75, 8 ஊசி முனையிலிருந்து 150. பெரிய கார்டுகளில் இதற்குப் பதில் 16 ஊசி முனை ஒன்று வருகிறது, 2022ல் பவர் சப்ளை விதியின் ஏடிஎக்ஸ் 3.0 பதிப்பு வழியாக வந்தது, 600 வாட் வரை. வந்த வருஷமே என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் சிலருக்கு அந்த முனை உருகிப்போனது. முனை முழுசாக உள்ளே போகாமல் இருந்தாலும் மின்சாரம் ஓடியது ஒரு காரணம். அடுத்த வருஷம் ஏடிஎக்ஸ் 3.1ல், முனை உட்கார்ந்ததா என்று உணரும் ஊசிகளைக் குட்டையாக்கினார்கள், சரியாகச் சொருகாவிட்டால் கார்டு இயங்காமல் இருப்பதற்காக. நீங்கள் அந்த வகைக் கார்டு வாங்கினால் முனையை "டிக்" என்று உட்காரும் வரை தள்ளுங்கள், முனையை ஒட்டி வயரை மடக்காதீர்கள். சின்ன கேசிங்கில் மடக்காமல் இருப்பதுதான் கஷ்டம். பக்கத் தகடு வயரைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது என்றால் அந்தக் கேசிங் அந்தக் கார்டுக்கு ஆகாது, வேறு பேச்சே இல்லை.

தகரக் கூரை வீட்டில் மத்தியானம் மூன்று மணிக்கு விளையாடப் போகிறீர்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். விமர்சன வீடியோ எடுக்கிறவர்கள் ஏர்கண்டிஷன் அறையில் அளந்த வெப்பம் உங்களுக்கு எதையும் சொல்லாது. தேவைக்கு மேல் கொஞ்சம் அதிக வாட்டுள்ள பவர் சப்ளை வாங்கினால் காற்றாடி குறைவாகச் சுற்றும்.

பவர் சப்ளை போனதால் வேறு கம்பெனியுடையது மாற்றினேன். வயர்களைக் கழற்றிப் பூட்டும் வகை, பழைய வயர்கள் நீளமாகவும் அழகாகவும் இருந்ததால் அவற்றையே புதியதில் சொருகிவிட்டேன். ஹார்ட் டிஸ்க் இரண்டும் போயின. இது நடக்குமா?
(சுங்கை சிப்புட் வாசகர், பழைய டவுன்)

நடக்கும். இப்படித்தான் நடக்கும். இதை வேறு யாராவது படித்துத் தப்பிக்கட்டும் என்றுதான் உங்கள் கேள்வியைச் சேர்த்தேன்.

வயரின் போர்டுப் பக்க முனைக்கும் டிஸ்க் பக்க முனைக்கும் மட்டும்தான் பொது அளவு உண்டு. பவர் சப்ளைப் பெட்டியில் சொருகும் முனைக்கு எந்தப் பொது விதியும் இல்லை, எந்த ஊசியில் 5, எந்த ஊசியில் 12 என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்கு இடையில்கூட மாறும். உருவம் மட்டும் ஒன்றாக இருந்து தொலைக்கும். 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 போனால் டிஸ்கின் சர்க்யூட் எரிந்துவிடும். உள்ளே தட்டுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், அதனால் முக்கியமான படங்கள் இருந்தால் டிஸ்கைத் தூக்கி எறியாமல் தரவு மீட்பவர்களிடம் காட்டுங்கள். சில டிஸ்குகளில் வாயிலில் இருக்கும் காப்பு டயோடு மட்டும் எரிந்திருக்கும், அப்படியென்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

சிபியூ 8 ஊசியும் கிராபிக்ஸ் 8 ஊசியும் அப்படித்தான், பார்க்க அண்ணன் தம்பி, பிளஸ் மைனஸ் நேர் எதிர். நான்கும் நான்குமாகப் பிரிவது சிபியூவுக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிவது கார்டுக்கு. ஒன்று மற்றதில் நுழையாமல் இருக்க மூலைகளை வேறு வேறாக வெட்டியிருப்பார்கள், பலத்தைக் காட்டாதவரை காப்பாற்றும்.

பழைய இரும்புக் கடையில் ஒரு கேசிங். மதர்போர்டு வலதுபக்கத் தகட்டில் இல்லாமல் இடதுபக்கத்தில் மாட்டும்படி இருக்கிறது. யாரோ தப்பாகச் செய்ததா?
(தாசேக் பக்கத்து வாசகர்)

தப்பில்லை, அது பிடிஎக்ஸ் என்ற இன்னொரு அளவு. 2004ல் இன்டெல் கொண்டுவந்தது. அப்போதைய பென்டியம் 4 அடுப்பு மாதிரி சூடாகும் என்பதால் முன்பக்கக் காற்று நேராக சிபியூ மேல் அடிக்கும்படி போர்டையே திருப்பிப் போட்டார்கள். 2006ல் சூடு குறைந்த சிபியூக்கள் வந்ததும் தேவை போயிற்று, இன்டெல்லும் கைவிட்டது. இன்றைய போர்டு எதுவும் அதில் உட்காராது. இரும்பு விலைக்குக் கொடுத்தால் மண் போட்டுச் செடி வைக்கலாம்.

தாத்தாவின் மளிகைக் கடைக் கணக்கு ஒரு 486 கணினியில் இருக்கிறது. பல வருஷமாக ஓடவில்லை. சுவிட்ச் போட்டுப் பார்க்கலாமா?
(கடைத்தெரு வாசகி)

வேண்டாம், முதலில் ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி, ஐடிஇ என்ற பழைய டிஸ்க் இணைப்பை யுஎஸ்பியாக மாற்றும் கருவி வைத்து வேறு கணினியில் படித்துப் பாருங்கள். மிகப் பழைய டிஸ்குகளில் சில அந்தக் கருவியோடு பேசாது, அப்போதுதான் 486ஐயே எழுப்ப வேண்டி வரும்.

எழுப்புவதற்கு முன் போர்டில் நீல நிறத்தில் உருளையாக ஒரு பேட்டரி இருக்கிறதா பாருங்கள், அந்தக் காலத்து போர்டுகளில் அது ஒழுகிச் சுற்றிலும் தாமிரக் கோடுகளைத் தின்றிருக்கும். முன்பக்கத்து பவர் பட்டனிலும் ஜாக்கிரதை, ஏடி வகைக் கணினியில் வீட்டு மின்சாரமே அந்தப் பட்டன் வரைக்கும் வந்து போகும், ஏடிஎக்ஸ் மாதிரி 5 வோல்ட் சமிக்ஞை இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். போர்டுக்குப் போகும் பவர் முனை இரண்டு துண்டாக இருக்கும், பி8, பி9 என்று எழுதியிருக்கும். இடம் மாற்றிச் சொருகினாலும் உள்ளே போய்விடும், போனால் போர்டு காலி. கறுப்பு வயர்கள் நான்கும் நடுவில் ஒன்றோடொன்று ஒட்டி வரவேண்டும். அதைப் பார்த்தபின், டிஸ்கைச் சேர்க்காமல் ஒரு தடவை ஓடவிட்டு, புகையோ வாடையோ இல்லையென்றால் அப்புறம் டிஸ்கைச் சொருகுங்கள். அது ஒரு முறை எழுந்தாலும் போதும் என்று நினைத்துக்கொண்டு, எழுந்த உடனே கணக்கை நகலெடுத்துவிடுங்கள்.